அரைமணி நேரத்துக்கு ஒரு பொன்னாடை

மண்டப வாசலில் நிறைகுடத்தைக் கண்டதுமே காரியம் பிழைத்துவிட்டது என்று சுகன்யாதேவிக்குத் தெரிந்துவிட்டது. அவள் கேட்டது ஒரு மேசை, ஐந்து கதிரை, குடிக்கக் கோப்பி. ஹனோவர் நகரில் லைன நதித் தமிழர் ஒன்றியம் என்று ஒன்றை நடத்தும் கணேசலிங்கத்திடம் தொலைபேசியில் இதை இரண்டு தரம் சொல்லியிருந்தாள். "ஓம் பிள்ளை, விளங்குது, விளங்குது" என்று அவரும் இரண்டு தரம் சொன்னார்.

என்ன விளங்கியதோ அந்த மனிதனுக்கு. வாசலின் இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக் வாழைமரம். உள்ளே முன்னூறு கதிரை. மேடையில் ஆளுயரக் குத்துவிளக்கு, அதற்குப் பின்னால் சுவர் நிறைந்த பதாகை. பதாகையின் மூலையில் வரப்போகும் விருந்தினரின் படம், இணையத்தில் இருந்து எடுத்த மங்கல் படம். நடுவில் கணேசலிங்கம் கோட்டும் சூட்டுமாக, விருந்தினரைப்போல் மூன்று மடங்கு பெரிதாகச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணை இது?" என்று ஆளையே பிடித்துக் கேட்டாள்.

"பொறும் பிள்ளை. ஒரு ஜெர்மன் மனிசி எங்கட வாசலுக்கு வாறா. வெறும் கோப்பியைக் குடுத்து அனுப்பினா ஆற்ற மரியாதை போகும்?"

"அவ விழாவுக்கு வரேல்லை அண்ணை. எங்கட நேயர்களோட கதைக்க வாறா. அஞ்சரைக்கு வெளிக்கிட வேணும் எண்டும் எழுதியிருக்கிறா."

"கதைக்கலாம், கதைக்கலாம். நிகழ்ச்சி முடியக் கதைக்கலாம்."

சொல்லிவிட்டு ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார். கலியாண வீடென்றால் தான் மாப்பிள்ளை, செத்த வீடென்றால் தான் பிணம் என்று இருக்கிற ஆட்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவர்களில் முதல் வரிசை கணேசலிங்கம். ஹனோவரில் அவருக்கு மூன்று உணவகங்கள், ஒரு பயண முகவர் கடை, இந்த மண்டபம்.

விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹைடவெல்லெ என்பது பொதுமக்கள் காசில் நடக்கிற வானொலி. ஜெர்மனியில் ஒவ்வொரு வீடும் மாதம் பதினெட்டு யூரோ முப்பத்தாறு சதம் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் என்று கட்டவேண்டும். பார்த்தாலும் கட்டவேண்டும், பாராவிட்டாலும் கட்டவேண்டும். எங்கள் சனம் 'ரீவிக் காசு' என்று திட்டித் திட்டிக் கட்டுவது அதைத்தான். அந்தக் காசில்தான் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு ஹைடவெல்லெயில் தமிழுக்கு அரைமணி நேரம். பத்தொன்பது வருசமாக அதைத் தயாரித்து வாசிப்பவள் சுகன்யாதேவி.

அரைமணி நேரத்தில் என்ன பெரிசாகக் கிழித்துவிடலாம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவள் பாட்டுப் போடுவதில்லை, பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதில்லை, நகைக்கடை விளம்பரம் வாசிப்பதில்லை. அதனால் பாதிப் பேருக்கு அது வானொலியாகவே படுவதில்லை. வாடகையைக் கூட்டிக் கடிதம் வந்தால் எத்தனை நாளைக்குள் பதில் எழுதவேண்டும், ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எப்படிக் கேட்பது, பிள்ளையின் தொழிற்பயிற்சிக்கு எங்கே விண்ணப்பம் போடுவது, இப்படியான சங்கதிகள்தான் அவளுடையவை. கேட்பவர்கள் கேட்டார்கள். பேருந்தில், சமையலறையில், துடைப்பங்கட்டையோடு அலுவலக நடைபாதையில் காதுக்குள் செருகிக்கொண்டு கேட்டார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருத்தி புஸ்பவதி. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. ஜெர்மனிக்கு வந்து இருபத்தொரு வருசமாகியும் சமையலறைக்குத் தேவையான ஜெர்மன் மட்டுந்தான் அவளிடம் ஒட்டியது. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் வால் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் ஒரே வீட்டில் புருசனுக்கு ஒரு கடைசிப் பெயர், அவளுக்கு ஒன்று, மகனுக்கு இன்னொன்று. ரீவிக் காசுக்காரர் மூன்று பேரும் மூன்று வீடு என்று நினைத்து மூன்று கடிதம் போட்டார்கள். அவளும் பயந்துபோய் இரண்டு வருசம் மூன்று மடங்கு கட்டினாள். ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான், இன்ன நம்பரைப் போட்டு எழுதுங்கோ என்று சுகன்யாதேவி ஒரு ஞாயிறு சொன்ன பிறகுதான் அது நின்றது.

அது சின்ன விசயம். பெரிய விசயம் அவளுடைய புருசன். மூளைக்கு இரத்தம் அடைத்தால் வருகிற நாலு அடையாளங்களை ஒரு ஞாயிறு நிகழ்ச்சியில் சொன்னார்கள். எண்ணிப் பதினொரு நாளில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மனுசனுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்தது. படுத்து எழும்பினால் சரியாகும் என்று அவர் குளறினார். புஸ்பவதி படுக்க விடவில்லை. அவசர இலக்கம் நூற்றுப் பன்னிரண்டை அடித்து, அந்த நோய்க்கு நிகழ்ச்சியில் சொல்லித்தந்த ஒற்றை ஜெர்மன் சொல்லைச் சொன்னாள். இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் ஆள் கட்டிலோடுதான் என்று வைத்தியர் சொன்னாராம். இன்றைக்கு அந்த மனுசன் தபால் பொதி நிலையத்தில் வேலை செய்கிறார்.

இப்போது ஹைடவெல்லெயில் காசு போதவில்லை. வேற்றுமொழி நிகழ்ச்சிகள் ஐந்தில் இரண்டுதான் மிஞ்சும் என்று தீர்மானமாகிவிட்டது. எந்த இரண்டு என்று எழுதிக் கொடுக்கவேண்டிய பொறுப்பு வானொலி அதிகாரி ஹோல்ட்காம்ப் அம்மையாரிடம். மெலிந்த, நிதானமான பெண். "எண்ணிக்கை என்னிடம் இருக்கிறது. எனக்கு ஆட்களைப் பார்க்கவேண்டும். இந்த நிகழ்ச்சி இல்லாவிட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று அவர்கள் வாயால் கேட்கவேண்டும்" என்று சுகன்யாதேவிக்கு எழுதியிருந்தார். சனிக்கிழமை சந்திப்பு, திங்கட்கிழமை முடிவு.

சனிக்கிழமை வானொலி நிலையத்தில் அறை கிடைக்காது. வேலைக்குப் போகிற சனத்துக்கு வேறு நாளில் வர ஏலாது. அதனால்தான் கணேசலிங்கத்தின் மண்டபம். அங்கேதான் அவள் பிழைவிட்டாள்.

ஏனென்றால் அந்த மனிதனுக்கும் அவளுக்கும் பழைய கணக்கு ஒன்று இருந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னர், உணவகங்களில் வேலை செய்பவர்களுக்குச் சட்டப்படியான ஆகக் குறைந்த சம்பளம் என்ன, பத்து மணித்தியாலம் வேலை வாங்கிவிட்டு ஐந்து என்று எழுதினால் எங்கே முறையிடுவது என்று ஒரு ஞாயிறு சொல்லியிருந்தாள். பேர் ஒன்றும் சொல்லவில்லை. நிகழ்ச்சி முடிந்து பத்து நிமிசத்தில் கணேசலிங்கம் தொலைபேசி எடுத்தார். "பேர் சொல்லாட்டிலும் ஊருக்கு விளங்கும் பிள்ளை. வாற கிழமை அதைத் திருத்திச் சொல்லும்."

"திருத்த ஒண்டுமில்லை அண்ணை. சட்டத்தைத்தான் சொன்னனான்."

"நாங்கள் ஒரு சமூகம். வீட்டுக்குள்ள இருக்கிறதை வெளியில கொட்டக்கூடாது."

"அண்ணை, என்ர சம்பளம் நீங்கள் தாறேல்லை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த ஒரு வசனத்தைச் சொல்ல முடிந்ததே, அதுதான் பொதுக்காசின் அருமை என்று அவள் நினைத்துக்கொள்வாள். கோடி வீடுகள் போடுகிற காசில் யார் வீட்டுச் சதம் தன் கையில் விழுகிறது என்று தெரியாது. தெரியாதபடியால் யாருக்கும் தலையாட்டத் தேவையில்லை. கணேசலிங்கத்துக்கோ அந்தக் காசு என்றாலே ஆகாது. மூன்று வருசமாக "என்னட்டை ரீவி இல்லை" என்று எழுதி எழுதி இழுத்தடிக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சுவரை மறைத்தபடி ரீவி, அதன் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. உலகத்தில் உள்ள தமிழ்ச் சானல் அத்தனையும் அதில் வரும். யாரோ எங்கேயோ திருடி அனுப்புகிற அந்தச் சானல்களுக்கு வருசம் நூற்றிருபது யூரோவை முணுமுணுக்காமல் கொடுக்கிறார். வெட்கம்கெட்ட பிழைப்பு என்று சொன்னால் சொல்லுக்கு வெட்கம் வரும்.

மூன்று மணிக்கு ஹோல்ட்காம்ப் அம்மையார் வந்தார். தனியாக, முதுகுப்பையோடு, கையில் சின்னக் குறிப்புப் புத்தகம். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் வைத்தார்கள். மாலையும் பொன்னாடையும் போட்டார்கள். ஏதோ தவறான முகவரிக்கு வந்துவிட்டேனா என்பதுபோல் அவர் சுகன்யாதேவியைப் பார்த்தார்.

"நேயர்கள் எங்கே?"

"இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். இது எங்கள் வழக்கம்" என்றாள் சுகன்யாதேவி. தன் வாயில் இருந்து அந்தச் சாட்டு வருவதைக் கேட்க அவளுக்கே கூசியது.

ஐயர் வரப் பிந்தியதால் மூன்றே முக்காலுக்குத்தான் விளக்கேற்றல். ஐந்து முகத்துக்கு ஏழு பேரைக் கூப்பிட்டார்கள். தன் பேர் விடுபட்டுவிட்டது என்று முன்வரிசையில் ஒருவர் எழும்பிப் போக, அவரைச் சமாதானப்படுத்திக் கூட்டிவந்து எரிகிற திரியையே இன்னொரு தரம் ஏற்றவிட்டார்கள். பிறகு போரில் மாண்டவர்களுக்கு அகவணக்கம். பிறகு தமிழ் வாழ்த்து. பிறகு வரவேற்பு நடனம், இரண்டு. ஒன்றில் பாட்டு இடையில் நின்றுபோனதால் முதலில் இருந்து திரும்ப ஆடினார்கள். பாவம், அந்தக் குழந்தைகளில் பிழை சொல்லக் கூடாது.

புஸ்பவதி இரண்டாம் வரிசையில் இருந்தாள். கத்தரிப்பூ நிறச் சேலை, தலைக்குப் பூ. என்ன சொல்வது என்று ஒரு கிழமையாகப் புருசனுக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்திருக்கிறாள். ஆறு மணிக்கு அவளுக்கு வேலை தொடங்கும். மணிக்கூட்டைப் பார்ப்பதும் சுகன்யாதேவியைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

நாலேகாலுக்குச் சுகன்யாதேவி மேடையின் பக்கப் படியில் கணேசலிங்கத்தை மறித்தாள். "அண்ணை, புஸ்பவதியைக் கூப்பிடுங்கோ. மூண்டு நிமிசம் போதும். நான் மொழிபெயர்க்கிறன்."

"ஆர் அது?"

காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். "உந்த மனிசியோ? முதியோர் இல்லத்தில சட்டி கழுவுறவ எல்லே?"

"ஓம். அதுக்கென்ன?"

"பிள்ளை, கொஞ்சம் யோசியும்" என்று குரலைத் தாழ்த்தினார். "ஒரு பெரிய அதிகாரி வந்திருக்கிற இடத்தில சட்டி கழுவுறவையையும் கக்கூஸ் துடைக்கிறவையையும் மேடையில ஏத்தினா, எங்கட சனத்தைப் பற்றி என்ன நினைப்பா? டொக்டர்மார் ரெண்டுபேர் வந்திருக்கினம். எஞ்சினியர் ஒருத்தர் ஆகனில இருந்து வந்திருக்கிறார். அவையைக் காட்டுவம்."

"அவையள் நிகழ்ச்சி கேக்கிறவையோ?"

"கேட்டா என்ன, கேக்காட்டி என்ன. பாக்க லட்சணமா இருக்கினம்."

சுகன்யாதேவி அவருடைய கோட்டைப் பார்த்தாள். அவருடைய உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவுவது யார்? நாற்பது வருசத்துக்கு முன்னர் அகதியாக வந்த புதிதில் பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில், இரயில் நிலையக் கக்கூஸ் கழுவித்தான் இந்த மனிதனும் தலையெடுத்தவர். அதை அவரே குடிவெறியில் அழுது சொன்னதை ஊர் கேட்டிருக்கிறது. இப்போது கோட்டுப் போட்டதும் கழுவுகிறவர்கள் நாறுகிறார்கள். அந்த இடத்திலேயே ஒலிவாங்கியைப் பறித்துப் புஸ்பவதியைக் கூப்பிட்டிருக்கவேண்டும். அவள் அதைச் செய்யவில்லை.

செய்யாததற்குக் காரணத்தையும் சொல்லவேண்டும். அந்த நேரம் பார்த்து மேடையில் அவளுடைய பேரைக் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருசச் சேவைக்குப் பொன்னாடை. 'வானலை வாணி' என்று ஒரு பட்டம். சரிகை போட்ட சால்வையைத் தோளில் போர்த்தும்போது முன்னூறு பேரும் கைதட்டினார்கள். இந்தச் சனம் ஒருநாளும் ஒரு நன்றி சொன்னதில்லை. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், அவளுக்கு அது இனித்தது. கண்ணில் நீர்கூட வந்தது. அந்த ஒரு நிமிசத்தைப் பிறகு நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு மாறவில்லை.

பிறகு ஐயரின் ஆசியுரை. பிறகு டொக்டர் ஒருவர் தன் மகளின் அரங்கேற்றத்தைப் பற்றிப் பேசினார். எஞ்சினியர் தமிழின் தொன்மையைப் பற்றிப் பேசினார். வானொலியைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. ஹோல்ட்காம்ப் அம்மையார் பொறுமையாக இருந்தார். மாலை கழுத்தை அறுக்கிறது என்று கழற்றி மடியில் வைத்திருந்தார். குறிப்புப் புத்தகம் மூடியபடியே கிடந்தது. தட்டில் ரோல்சும் வடையும் வந்தன. பின்னால் புரியாணிச் சட்டிகளைத் திறக்கும் வாசம் மண்டபம் முழுக்கப் பரவியது.

ஐந்து மணிக்குக் கணேசலிங்கத்தின் தலைமையுரை. சுகன்யாதேவி பக்கத்தில் நின்று ஜெர்மனில் சொல்லவேண்டும்.

தமிழனின் வீரம், தமிழனின் உழைப்பு, மூன்று உணவகங்கள் எல்லாம் சொல்லி முடித்தார். பிறகு குரலை உயர்த்தினார். "எங்கட நிகழ்ச்சிக்குக் காசில்லையெண்டு கேள்விப்பட்டன். நான் ஒண்டு சொல்லுறன். தமிழன் ஒருத்தரிட்டையும் கை நீட்டினவன் இல்லை. எங்கட காரியத்தை எங்கட காசில செய்ய எங்களுக்குத் தெரியும். ஜெர்மன்காரன்ர காசு எங்களுக்குத் தேவையில்லை."

கைதட்டல் மண்டபத்தை இடித்தது.

ஜெர்மன்காரன்ர காசாம். இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொரு வீடும் மாதாமாதம் கட்டுகிற காசு அது. சுகன்யாதேவி ஒலிவாங்கியைப் பிடித்தாள். வாழ்நாளில் முதல்தரமாக மொழிபெயர்ப்பில் பொய் சொன்னாள். "இந்த நிகழ்ச்சி எங்களுக்கு மிகவும் தேவை, அதை நிறுத்தவேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொள்கிறார்" என்றாள்.

கணேசலிங்கம் திரும்பினார். அந்த ஆளுக்கு ஜெர்மன் தெரியும் என்பது அந்தப் பதற்றத்தில் அவளுக்கு மறந்துபோய்விட்டது. "நான் அப்பிடிச் சொல்லேல்லையே பிள்ளை" என்று ஒலிவாங்கியிலேயே சிரித்தார். சபையும் சிரித்தது. ஒலிவாங்கியை அவள் கையில் இருந்து வாங்கி, விருந்தினரைப் பார்த்துத் தானே ஜெர்மனில் சொன்னார். "எங்களுக்கு உங்கள் காசு வேண்டாம். நாங்கள் சொந்தக் காலில் நிற்கும் சமூகம்."

ஹோல்ட்காம்ப் அம்மையார் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். அன்று பின்னேரம் முழுவதிலும் அவர் எழுதிய ஒரே வரி அதுதான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி சாமியின் கையைப் பிடித்தே வரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருசத்துப் பகையைத் தீர்க்கத் திட்டம் போட்டுச் செய்தாரோ என்று சுகன்யாதேவி அந்த இடத்தில் யோசித்தாள். இல்லை. அந்த மனிதனுக்கு அவ்வளவு மூளை கிடையாது. கைதட்டு வேண்டியிருந்தது, அதற்காகச் சொன்னார். கைதட்டுக்காக எதையும் விற்கிற ஆள். திட்டம் போட்டுச் செய்திருந்தாலும் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

ஐந்து இருபதுக்கு ஹோல்ட்காம்ப் அம்மையாரைப் பேச அழைத்தார்கள். அவர் ஒலிவாங்கியின் முன் வந்து நின்றார். முகத்தில் வந்தபோது இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"நான் இன்று கனத்த மனத்தோடு வந்தேன். ஏதோ ஒரு சமூகத்திடம் கெட்ட செய்தி சொல்லவேண்டியவள் நான். போன கிழமை எரித்திரிய நாட்டு நேயர்களைச் சந்தித்தேன். ஒரு நிலவறையில் ஆறு பேர், ஒரு மேசை. இந்த நிகழ்ச்சி நின்றால் எங்களுக்கு வேறு ஒன்றுமே இல்லை என்று அழுதார்கள். இங்கே வந்து பார்க்கிறேன். எத்தனை பலமான சமூகம், எத்தனை செழிப்பு, எத்தனை தன்னம்பிக்கை. உங்கள் தலைவர் சொன்னது என் மனத்தை இலேசாக்கிவிட்டது. நீங்கள் எங்களை நம்பி இருக்கவில்லை. இனி யாரைப் பற்றியும் கவலைப்படாமல் என் பரிந்துரையை எழுதலாம். மார்ச் மாதத்தோடு நாங்கள் விடைபெறுவோம், நண்பர்களாக."

சுகன்யாதேவி மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் கைதட்டல் தொடங்கிவிட்டது. ஜெர்மன் தெரிந்தவர்கள்தான் முதலில் தட்டினார்கள். பலமான, செழிப்பான என்ற புகழ்ச்சி காதில் விழுந்ததும் மிச்சம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தெரியாதவர்கள் தெரிந்தவர்களைப் பார்த்துத் தட்டினார்கள். தங்கள் பாடையைத் தாங்களே தூக்கிக்கொண்டு மேளத்துக்குக் கைதட்டுகிற சனத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

விருந்தினரின் பின்னால் அவள் வாகனத் தரிப்பிடம் வரை ஓடினாள். "ஃபிராவ் ஹோல்ட்காம்ப், இவர்கள் நேயர்கள் இல்லை. நேயர்கள் உள்ளே இருக்கிறார்கள். ஒருவரோடாவது பேசிவிட்டுப் போங்கள். இரண்டு நிமிடம்."

ஹோல்ட்காம்ப் அம்மையார் பொன்னாடையை மடித்து அவளுடைய கையில் வைத்தார். பரிசு வாங்க அவர்களுக்கு அனுமதி இல்லையாம், சட்டம். "இரண்டரை மணித்தியாலம் இருந்தேன், சுகன்யாதேவி. யாருக்காவது சொல்லவேண்டும் என்று இருந்திருந்தால் அதற்குள் சொல்லியிருப்பார்கள்." குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. நிம்மதிதான் இருந்தது. கழுத்தில் கத்தி வைக்க இடம் தேடி வந்தவருக்கு ஆடே கழுத்தை நீட்டிவிட்டது, வேறென்ன வேண்டும். காரில் ஏறிப் போய்விட்டார். அந்த நிம்மதியைப் பார்த்தபோது அவர்மீதும் சுகன்யாதேவிக்கு வெறுப்புத்தான் வந்தது.

உள்ளே பந்தி தொடங்கியிருந்தது. கணேசலிங்கம் புரியாணித் தட்டோடு அவளிடம் வந்தார். "என்ன முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர்? எல்லாம் நல்லாத்தானே போச்சுது."

"நிகழ்ச்சி போச்சுது அண்ணை. விளங்கினதோ இல்லையோ?"

"போனாப் போகட்டும் பிள்ளை. நாங்களே ஒரு றேடியோ தொடங்குவம். இணையத்தில. நகைக்கடைக்காரர் ரெண்டுபேர் ஓமெண்டிட்டினம், நான் ஒரு பங்கு போடுறன். நீர்தான் அறிவிப்பாளர். இருபத்திநாலு மணித்தியாலமும் பாட்டு, வாழ்த்து, கோயில் திருவிழா." ஒரு எலும்பைக் கடித்துவிட்டுத் தொடர்ந்தார். "உந்தச் சம்பளம், முறைப்பாடு, வேலைச்சட்டம் உதுகள் மட்டும் வேண்டாம். சனத்துக்கு உது சலிப்பு."

"இனி என்ர சம்பளம் நீங்கள் தருவியள் எண்டுறியள்."

"ஓம், பின்ன?"

"அண்ணை, உங்கட றேடியோவில நான் தும்மவும் மாட்டன்."

அவர் சிரித்தார். பொம்பிளையளுக்குக் கோபம் வந்தால் ரெண்டு நாளில ஆறும் என்று பக்கத்தில் நின்ற டொக்டரிடம் சொன்னார். விரலில் ஒட்டியிருந்த எண்ணெயை நக்கினார். அந்த விரலைப் பார்க்க மாட்டாமல் சுகன்யாதேவி தோளில் கிடந்த சால்வையை உருவி, கையில் இருந்த மற்றதோடு சேர்த்துக் கதிரை ஒன்றில் எறிந்துவிட்டு வெளியே வந்தாள்.

பேருந்துத் தரிப்பிடத்தில் புஸ்பவதி நின்றாள். சேலைக்கு மேலே வேலைக்குப் போகிற தடித்த குளிர் அங்கி. பூவைக் கழற்றிவிட்டாள்.

"அக்கா, கடைசி வரைக்கும் பாத்தன். என்னைக் கூப்பிடேல்லை. வேலைக்குப் பிந்தப்போகுது எண்டு வெளிக்கிட்டிட்டன். குறை நினைக்காதேயுங்கோ. அந்த அம்மாவுக்கு நீங்கள் சொல்லிவிடுங்கோ."

"அவ போயிட்டா புஸ்பா."

"நிகழ்ச்சி?"

"மார்ச்சோட சரி."

புஸ்பவதி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, நிகழ்ச்சிக்குத் தொலைபேசி எடுத்துச் சந்தேகம் கேட்கும்போது எப்படிக் கேட்பாளோ அந்த மாதிரியே, பணிவாகக் கேட்டாள். "அப்ப அக்கா, அந்த ரீவிக் காசு இனிக் கட்டத் தேவையில்லையோ?"

"கட்டத்தான் வேணும்."

"எங்களுக்கு அதில ஒண்டும் இல்லாட்டிலுமோ?"

"இல்லாட்டிலும் கட்டவேணும். சட்டம்."

"சட்டமெண்டாக் கட்டத்தானே வேணும்" என்றாள் புஸ்பவதி. "கணேசலிங்கம் அண்ணை கட்டுறவரோ?"

"இல்லை."

"வேண்டாமெண்டு சொன்னது அவர்தானே?"

"ஓம்."

பேருந்து வந்து நின்றது. புஸ்பவதி சேலைத் தலைப்பை அங்கிக்குள் சொருகிக்கொண்டு படியில் காலை வைத்தாள். "கட்டாதவருக்கு மைக் குடுத்தினம். கட்டுற என்னை ஒருத்தரும் ஒரு சொல்லுக் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை அக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கதவு மூடிக்கொண்டது.

சுகன்யாதேவி தரிப்பிடத்தில் நின்றாள். காறித் துப்பவேண்டும் போலிருந்தது. யாருடைய முகத்தில் தொடங்குவது என்று தெரியாமல் விழுங்கிக்கொண்டாள்.